பலர் புகும் வீடும் பத்தாம் எண் வீடும்

ஆசிரியர் அறையில் என் மேசைக்கு அடுத்த மேசைக்காரர் ஒரு தமிழ்ப் பேராசிரியர். நல்ல மனிதர், யாப்பில் என்னைவிட வல்லவர். கடைகளின் பெயர்ப்பலகைகளைக் கண்டால் மட்டும் நிதானம் இழந்துவிடுவார். சென்ற மாதம் ஒரு கருத்தரங்கக் கட்டுரைக்காகச் சென்னை மதுக்கூடங்களின் பெயர்களைத் தொகுத்துக்கொண்டிருந்தார். பட்டியலின் தலையில் நின்றது ‘10 டவுனிங் ஸ்ட்ரீட்’. தியாகராய நகர் வடக்கு போக் சாலையில் ஓர் ஓட்டலுக்குள் 2000-களில் பெயர்பெற்று விளங்கிய பப் அது. அடுத்து, தியாகராயர் சாலை ரெசிடென்சி டவர்ஸ் ஓட்டலின் ‘பைக் அண்ட் பேரல்’. டி.டி.கே. சாலையில் பார்க் ஷெரட்டன் இருந்த காலத்து ‘டப்ளின்’. ஜெமினி ஸ்டுடியோ நிலத்தில் எழுந்த பார்க் ஓட்டலின் ‘பாஷா’. (கடைசியதை ரஜினி படப் பெயர் என்றெண்ணி விட்டுவிடப் பார்த்தார். அது துருக்கியப் பட்டம், சேர்த்துக்கொள்ளுங்கள் என்று நான்தான் சொன்னேன்.)

தமிழ்நாட்டில் தமிழ்ப் பெயர் தாங்கிய ஒரு மதுக்கூடம் உண்டா என்பது அவர் கேள்வி. சங்க இலக்கியத்தில் கள், நறவு, தேறல், தோப்பி, மட்டு, பிழி என்று இத்தனை சொற்கள் இருக்க, லண்டனிலிருந்து தெருப் பெயரை இறக்குமதி செய்வானேன் என்று கொதித்தார். ‘நறவகம்’, ‘தேறற்கூடம்’ என்று மாற்றுப் பெயர்களும் தயார். கட்டுரையில் துணையாசிரியராக என் பெயரையும் சேர்க்கலாமா என்று கேட்டார். மறுத்துவிட்டேன். மூன்று நாள் வாதாடினோம். மணி அடித்ததால் சொல்ல முடியாமல் போனதை எல்லாம் இங்கே எழுதுகிறேன்.

முதலில் டவுனிங் யார் என்று பார்ப்போம். பெயரை எதிர்ப்பவரும் வைப்பவரும் அந்த ஆளைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

ஜார்ஜ் டவுனிங் 17-ஆம் நூற்றாண்டு ஆசாமி. டப்ளினில் பிறந்தவர் என்பார்கள் (நண்பரின் பட்டியலில் இரண்டு பெயர்கள் இப்படி உறவாகிவிட்டன). அமெரிக்காவில் வளர்ந்து, ஹார்வர்டின் முதல் பட்டதாரிகள் கூட்டத்தில் ஒருவராக 1642-இல் வெளிவந்தார். இங்கிலாந்து சென்று, மன்னராட்சியை வீழ்த்திய கிராம்வெல் பக்கம் சேர்ந்தார். ஜான் ஓக்கி என்ற தளபதியின் படைப்பிரிவில் மதபோதகராக இருந்தார். 1660-இல் மன்னராட்சி திரும்பியது. டவுனிங் ஒரே இரவில் மன்னரின் ஆள் ஆனார். பழைய மன்னரின் மரண தண்டனையில் கையெழுத்திட்டவர்கள் பலர் நாட்டைவிட்டு ஓடியிருந்தார்கள். அவர்களில் மூவரை 1662-இல் ஹாலந்தில் பிடித்து லண்டனுக்கு அனுப்பியவர் இவர்தான். மூவரில் ஒருவர் அதே ஜான் ஓக்கி. மூவரும் கொல்லப்பட்டார்கள். டவுனிங் பட்டமும் நிலமும் பெற்று, 1680-களில் ஒரு முட்டுச்சந்தில் வரிசை வீடுகள் கட்டி விற்றார். அந்தச் சந்துக்கு அவர் பெயர். அங்கே ஒரு வீட்டை 1730-களில் இரண்டாம் ஜார்ஜ் மன்னர் ராபர்ட் வால்போலுக்கு வழங்க, அதுவே பிரதமர்களின் இல்லமாயிற்று.

கட்சி மாறிய ஒருவர் மனை விற்ற சந்து. சென்னையில் ஒரு மதுக்கூடத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் ஏது? நண்பரிடம் இப்படிச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

எனக்கும் முழுதாகச் சிரிப்பு வரவில்லை. காரணம் அந்தப் பெயர் ஒட்டப்பட்ட இடம். இன்று நகரத்தின் நடுவில் நெரிசலால் மூச்சு முட்டும் தி. நகர், 1920-களில் ஒரு புறநகர். மாம்பலம் ஏரியைத் தூர்த்து, அளந்து, பூங்காவும் சாலையும் வகுத்து நீதிக்கட்சி ஆட்சிக்காலத்தில் உருவாக்கினார்கள். ஊருக்குப் பெயர் சர் பிட்டி தியாகராயர். பூங்காக்களுக்குப் பெயர் பனகல் அரசர், நடேசனார். சாலைகளில் உஸ்மான், பசுல்லா, ஹபிபுல்லா, தணிகாசலம், ஜி.என். செட்டி. பாண்டி பஜார் என்று நாம் சொல்வது சௌந்தரபாண்டியனார் அங்காடி. புதுச்சேரிக்கும் அதற்கும் ஒட்டுறவில்லை. ஆயினும் பாண்டி என்ற சொல் கேட்டவுடன் நம் இளைஞர் மனம் எங்கே போகும் என்பது உலகறிந்தது. ஒரு கட்சி தன் வரலாற்றை முழுமையாகத் தெருப்பலகைகளில் எழுதிவைத்த ஊர் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். வெள்ளை ஐ.சி.எஸ். அதிகாரி போக் ஒருவருக்கும் வடக்கில் ஒன்று தெற்கில் ஒன்று என்று இரண்டு சாலைகள் ஒதுக்கினார்கள். தெற்குச் சாலை பின்னாளில் சிவாஜி கணேசன் பெயர் பெற்றது. வடக்குச் சாலைக்குத்தான் டவுனிங் வந்து சேர்ந்தார்.

அந்தச் சாலையிலிருந்து நடக்கும் தொலைவில் டாக்டர் நாயர் சாலை இருக்கிறது. டி.எம். நாயர், தியாகராயரோடு சேர்ந்து 1916-இல் இயக்கத்தைத் தொடங்கியவர். சட்டமன்றத்தில் பிராமணரல்லாதாருக்கு இட ஒதுக்கீடு வேண்டும் என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுவின் முன் வாதாட 1919-இல் லண்டன் போனார். உடல்நலம் கெட்டிருந்தும் போனார். ஜூலை மாதம் அங்கேயே இறந்தார். டவுனிங் தெருவுக்குக் கூப்பிடு தூரத்தில் நியாயம் கேட்கப் போய் மாண்டவர் பெயரில் ஒரு சாலை. அதற்குக் கூப்பிடு தூரத்தில் டவுனிங் தெரு பெயரில் ஒரு பப். 1970-களின் இறுதியில் சாலைப் பெயர்களிலிருந்து சாதி ஒட்டுகளை நீக்கப் புகுந்தபோது ஜி.என். செட்டி சாலை ‘ஜி.என். சாலை’ ஆனதையும், நாயர் சாலை வெறும் ‘டாக்டர் சாலை’ ஆனதையும் பெரியவர்கள் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். எந்த டாக்டர்? எதற்குச் சாலை? டவுனிங்குக்கு அப்படி எதுவும் நேரவில்லை. எண்ணோடும் தெருவோடும் முழுசாக இருந்தார்.

இதுவரை நான் நண்பரின் கட்சிதான் என்று தோன்றும். இனிமேல்தான் பிரிகிறோம். ‘10 டவுனிங் ஸ்ட்ரீட்’டை எடுத்துவிட்டு ‘நறவகம்’ என்று வைத்தால் தீர்ந்ததா? அந்தக் கதவு யாருக்குத் திறக்கும் என்று அவர் கேட்கவே இல்லை.

‘பப்’ என்பது பப்ளிக் ஹவுஸ் என்பதன் சுருக்கம். பொதுவீடு. ஆங்கிலேயன் ஊரில் வண்டிக்காரனும் கொல்லனும் வேலை முடிந்து போய் உட்காரும் இடம். எழுத்தறியாதவனுக்கும் இடம் தெரியவேண்டும் என்பதால் வாசலில் படம் எழுதிய பலகை தொங்கும். லண்டனில் மது வடித்து விற்பவர்கள் அடையாளம் தொங்கவிட்டே ஆகவேண்டும் என்று இரண்டாம் ரிச்சர்டு மன்னர் காலத்தில், 1393-இல் சட்டமே போட்டார்கள். ‘ராயல் ஓக்’ என்று அங்கே எத்தனையோ கடைகள். 1651-இல் போரில் தோற்ற மன்னர் ஒரு கருவாலி மரத்தில் ஏறி ஒளிந்த கதை அந்தப் பலகையில் தொங்குகிறது. ஊர்க்காரன் தன் கதையைத் தன் கடைக்கு வைத்தான்.

நம்மிடம் இது இல்லையா? கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலையைப் பாடம் நடத்தும்போதெல்லாம் காவிரிப்பூம்பட்டினத்துக் கொடிகளைச் சொல்லும் பகுதியில் நான் சற்று நின்றுவிடுவேன். வழிபாட்டுக் கொடி, பண்டக் கொடி, புலவர் வாதக் கொடி, நாவாய்க் கொடி எல்லாம் சொல்லி, கள் விற்கும் இடத்துக் கொடியையும் சொல்கிறார் புலவர். முற்றத்தில் மணல் பரப்பிப் பூச் சிதறியிருக்கிறது. மீனும் இறைச்சியும் பொரிக்கும் ஓசை கேட்கிறது. அந்த இடத்தைப் பலரும் புகும் வீடு என்றே சொல்கிறார். ‘பப்ளிக் ஹவுஸ்’ என்பதை இதைவிடச் சொல்லுக்குச் சொல்லாக யாரால் தமிழாக்க முடியும்? மொழிபெயர்ப்பும் அன்று, இங்கிலாந்து என்றொரு நாடே இல்லாத காலத்தில் எழுதியது. கலைச்சொல் படைக்கத் துடிக்கும் நண்பருக்கு இந்தச் சொல் ஏன் அகப்படவில்லை? ‘பலரும்’ என்ற பகுதி அவருடைய மதுக்கூடத்துக்குள் நுழையாது என்பதால்தான்.

சட்டத்தையும் பார்க்கவேண்டும். 1937 அக்டோபரில் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார், 1948-இல் அது மாகாணம் முழுவதும் பரவியது, 1971-இல் கருணாநிதி ஆட்சி திறந்து 1974-இல் மூடியது, 1981-இல் எம்.ஜி.ஆர். ஆட்சி மீண்டும் திறந்தது. இந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். அவ்வளவாகத் தெரியாதது ஒன்று: தமிழ்நாட்டில் பப் என்று தனியே ஒரு கடை வைத்துவிட முடியாது. தகுதி பெற்ற ஓட்டலுக்கு ஒரு வகை உரிமம், உறுப்பினர் மன்றத்துக்கு இன்னொரு வகை உரிமம். ஆகவே இங்கே ஒவ்வொரு பப்பும் ஓர் ஓட்டலின் வயிற்றுக்குள் இருக்கிறது. வாசலில் காவலாள், உடைக் கட்டுப்பாடு, சில இரவுகளில் நுழைவுக் கட்டணம், சில இடங்களில் இணையாக வந்தால்தான் அனுமதி. செருப்போடு போகிறவனுக்கு இடமில்லாத இடத்துக்குப் பொதுவீடு என்று பெயர். டவுனிங் இருக்கட்டும் ஐயா, ‘பப்’ என்ற சொல்லே இங்கே பொய்.

செருப்போடு போகிறவன் எங்கே போகிறான்? அவனுக்கு எண் இருக்கிறது.

தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் 1983-இல் மது மொத்த விற்பனைக்காக உருவாயிற்று. 2003 நவம்பர் இறுதியில் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. அதற்கு முன் தனியார் நடத்திய ஒயின்ஸ் கடைகளுக்குப் பெயர்கள் இருந்தன. அம்மன் பெயர், முருகன் பெயர், முதலாளியின் பாட்டி பெயர். சாமிப் பெயரில் சாராயமா என்று என் தந்தையார் முகம் சுளிப்பார். ஆனாலும் அது ஒரு பெயர். முதலாளி இன்னார் என்று தெரியும். அவர் வீட்டுக் கல்யாணத்தில் போய்ச் சண்டை போடலாம். 2003-க்குப் பின் பெயர்கள் போய் எண்கள் வந்தன. ‘கடை எண்’ என்று போட்டு நான்கு இலக்கம்.

நிறுவனத்தின் பெயரைக் கவனியுங்கள். வாணிபக் கழகம். என்ன வாணிபம்? உப்பா, புளியா? ஆங்கிலத்தில் அதே மூடுமந்திரம், அதன் முதலெழுத்துகள் சேர்ந்து ‘டாஸ்மாக்’. 2023-24 ஆம் ஆண்டில் 45,000 கோடி ரூபாய்க்கு மேல் வருவாய் தந்த ஒரு தொழிலைச் செய்யும் நிறுவனத்தின் பெயரில், விற்கும் பொருளைக் குறிக்க ஒரு சொல்லும் இல்லை. திரைப்படத்துக்குத் தமிழில் பெயர் வைத்தால் கேளிக்கை வரி இல்லை என்று 2006-இல் சலுகை கொடுத்த மாநிலம் இது. பெயர்ப்பலகையில் தமிழ் முதலிடம் பெறவேண்டும் என்று 1977 முதலே ஆணை உண்டு. பிறர் வைக்கும் பெயரில் இவ்வளவு கண்ணாக இருப்பவர்கள், தம் கடைகளுக்குப் பெயரே வைக்கவில்லை. நண்பர் ஓட்டல் வாசலில் போய்ப் போராடுகிறார். இதற்கு ஒரு வரி எழுதவில்லை. ஏனென்றால் பலகையில் ‘அரசு மதுபானக் கடை’ என்று தமிழ் இருக்கிறதல்லவா, தமிழ் இருந்தால் போதுமே!

உள்ளே விற்கும் சரக்கின் பெயர் இன்னும் விசேஷம். ‘இந்தியாவில் தயாரிக்கப்பட்ட அயல்நாட்டு மது.’ எந்த இலக்கணத்தில் இதை வகைப்படுத்துவது என்று ஒருநாள் வகுப்பில் கேட்டேன். முரண்தொடை என்றான் ஒருவன். பெரும்பாலும் சர்க்கரை ஆலையின் கழிவுப்பாகில் வடித்த சாராயம். வாசனையும் நிறமும் சேர்த்தால் அயல்நாடு. எட்டுத்தொகைக் காலத்திலிருந்து பெயர் மாறாமல் வந்த ஒரே பானம் கள். அதை இறக்கவும் விற்கவும் 1987 முதல் தடை. தமிழ்ப் பெயருள்ளது சட்டவிரோதம், பொய்ப் பெயருள்ளது அரசாங்கச் சரக்கு. கள்ளைத் திறந்துவிடுங்கள் என்று நான் வழக்காட வரவில்லை. அதன் நன்மை தீமை வேறு விவாதம். பெயரைப் பற்றிப் பேசப் புறப்பட்டவர் இதைப் பேசாமல் டவுனிங்கைப் பிடித்துத் தொங்குவது ஏன் என்பதுதான் என் வழக்கு.

குடிக்குப் பெயர் ஒரு கேடா, வள்ளுவரே ஓர் அதிகாரம் எழுதிக் கண்டித்திருக்கிறாரே என்பீர்கள். நானும் குடிப்பவன் அல்லன். ஆனால் வள்ளுவர் கண்டித்தபோது அதிகாரத்துக்கு என்ன பெயர் வைத்தார்? ‘கள்ளுண்ணாமை.’ பொருளைப் பெயர் சொல்லி அழைத்துத்தான் கண்டித்தார். ‘வாணிபம் செய்யாமை’ என்று வைக்கவில்லை.

இங்கே நண்பர் ஒரு நல்ல மடக்கு மடக்கினார். “10 டவுனிங் ஸ்ட்ரீட் என்பதும் ஓர் எண்தானே? பணக்காரனுக்கும் எண், ஏழைக்கும் எண். வேறுபாடு எங்கே?” உண்மைதான், அதுவும் வீட்டு எண். ஆனால் அந்தப் பத்துக்குப் பின்னால் ஒரு தெரு இருக்கிறது, தெருவுக்குப் பின்னால் ஓர் ஆள், கெட்ட ஆளாகவே இருக்கட்டும், இருக்கிறான். நான்கு இலக்க எண்ணுக்குப் பின்னால் ஒரு பேரேடு மட்டும்தான் இருக்கிறது. 2016-இல் 500 கடைகளை மூடினார்கள். 2017-இல் இன்னொரு 500. 2023 ஜூனில் இன்னொரு 500. எந்த 500? எண்களின் பட்டியல் வந்தது. எந்தத் தெருவும் தன் கடை போய்விட்டது என்று பெயர் சொல்லி மகிழவோ அழவோ முடியவில்லை.

பெயரில்லாத இடத்தில் முகமும் இருக்காது. சிலப்பதிகாரத்து வேட்டுவ வரியில் கள் விற்கும் பெண் ஒருத்தி வருகிறாள். மறவன் ஒருவனுக்குக் கள் தர மறுத்துவிடுகிறாள். அது பொறுக்காமல் அவன் வில்லை எடுத்துக்கொண்டு ஆநிரை கவரப் போகிறான். அவன் செய்தது திருட்டுத்தான், வீரம் என்று பாடியது அந்தக் காலம். எனக்கு அவளைத்தான் பிடிக்கும். அவளுக்கு அவனைத் தெரியும். இல்லை என்று சொல்ல வாய் இருந்தது. கம்பிக்கு அப்பால் கை நீட்டிக் காசு வாங்கும் இடத்தில், போதும் வீட்டுக்குப் போ என்று சொல்ல யார் இருக்கிறார்கள்? உள்ளே நிற்கும் ஊழியரைக் குறை சொல்லவில்லை. பட்டதாரிகள் பலர் அந்தக் கம்பிக்குப் பின்னால் நிற்கிறார்கள். என் மாணவர் ஒருவரும் நின்றார். எண்ணுள்ள கடையில் அவருக்கும் முகம் கிடையாது என்பதுதான் நான் சொல்வது.

இதை எழுதத் தூண்டியது உண்மையில் கருத்தரங்கக் கட்டுரை அன்று. மயிலாப்பூரில் எங்கள் தெரு முனையில் ஓர் அம்மாள் இஸ்திரி வண்டி வைத்திருக்கிறார். கணவர் பெயிண்டர். சில வாரங்களுக்கு முன் இரவு ஒன்பதரை மணிக்கு வந்து கதவைத் தட்டினார். கணவர் யாருடைய போனிலிருந்தோ பேசியிருக்கிறார், குரல் சரியில்லை, இரண்டு நாளாகவே நெஞ்சு வலி என்று சொல்லிக்கொண்டிருந்தாராம்.

“எங்கே இருக்கிறாராம்?”

“கடையாண்ட கீறேன்னாரு சார். எந்தக் கடைன்னு கேக்கறதுக்குள்ள கட் ஆயிடுச்சு.”

அந்த எண்ணுக்குத் திரும்பக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. இருபது ஆண்டுகளாகச் சொல்லிலக்கணம் நடத்துகிறேன். இடப்பெயர், பொருட்பெயர் என்று பெயர்ச்சொல்லை ஆறாகப் பிரித்து விளக்குகிறேன். ‘கடை’ என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு மனிதனை எங்கே போய்த் தேடுவது என்று எனக்குத் தெரியவில்லை. இதே நேரத்தில் ஓட்டல் பப்பில் ஒருவர் மயங்கி விழுந்திருந்தால், நண்பர் பழிக்கும் அந்த ஆங்கிலப் பெயரை ஒரு முறை சொன்னால் போதும், ஆம்புலன்ஸ் நேரே போய் நிற்கும்.

ஆட்டோ நிறுத்தத்துக்கு ஓடினோம். ஓட்டுநர் அந்த அம்மாளை முன்பே அறிந்தவர் போலும். “கடைன்னா எது யக்கா? டிரான்ஸ்பார்மர் கடையா, வளைவு கடையா, மீன்கார அம்மா கடையா?” என்றார். மூன்றும் எந்தப் பலகையிலும் இல்லாத பெயர்கள். மீன்கார அம்மா என்பவர் கடை வாசலில் மீன் பொரித்து விற்பவராம். பட்டினப்பாலை அங்கே இருந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

“பின்னாடி மீன் வாசனைன்னு ஏதோ சொன்னாரு” என்றார் அந்த அம்மாள், சற்று யோசித்து.

“அப்போ அதான். ஏறுங்க சார்.”

அவர் அங்கேதான், மணலில் உட்கார்ந்திருந்தார். மீன்கார அம்மா அவர் தலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். மருத்துவமனையில் சேர்த்தோம், இப்போது வேலைக்குப் போகிறார். கடை எண்ணைப் பலகையில் படித்தேனா என்று மறுநாள் நண்பர் கேட்டார். பார்க்கவில்லை.